ராத்திரி ஆயா எங்க படுப்பாங்க?

2021 மே மாதம், கத்திரி வெயில் நேரம். காலை ஏழு மணிக்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கொரோனா தொற்று உறுதியானவர்களின் பட்டியல் வந்துவிடும். பெயர், வயது, தெரு, போன் நம்பர். அன்றைக்கு என் பகுதியில் ஒன்பது பேர். ஆறு பேர் முப்பது வயதுக்குள்.

குடியாத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஊருக்கு நான் நர்சம்மா, பையன்களுக்கு அக்கா. பட்டியலில் மூன்றாவது பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு முத்தடுப்பு ஊசி போட்டதே நான்தான். ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்கு உடம்பு கொதித்ததென்று மறுநாள் அவன் ஆயா, அதாவது பாட்டி, துணை சுகாதார நிலையத்துக்கே வந்து என்னோடு சண்டை போட்டார். இப்போது அவனுக்கு 21 வயது. ஒரு ஷூ கம்பெனியில் வேலை.

வேப்பமரத்தடியில் போனோடு உட்கார்ந்திருந்தான். மாஸ்க் தாடையில் கிடந்தது. "எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. ஒரு நாள் உடம்பு சுட்டுது, மாத்திரை போட்டேன், சரியாப் பூடுச்சு" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. தடுப்பூசி வருவதற்கு முன் வளர்ந்த நாடுகளில் போட்ட ஒரு கணக்குப்படி, 25 வயதில் தொற்று வந்தவர்களில் இறப்பவர் 10,000 பேருக்கு ஏறக்குறைய ஒருவர். 75 வயதில் 100 பேருக்கு நான்கைந்து பேர். இந்தப் பையன்கள் யாரும் அந்தக் கணக்கைப் படித்தவர்கள் இல்லை. தெருவில் நடப்பதைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எவ்வளவு பயமுறுத்தினாலும் எடுபடாமல் போனது அதனால்தான்.

திண்ணையில் ஆயா. மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், கையில் நறுக்கிய பீடி இலை. எழுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நாற்பது வருஷமாகப் புகையிலைத் தூசியை இழுத்த நெஞ்சு. பேரன் டீ குடித்து வைத்த டம்ளர் அவர் பக்கத்திலேயே இருந்தது. நான் பார்க்கும்போதே அதை எடுத்து, மிச்சமிருந்த ஒரு வாயைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"சரி, உன்ன விடு. ராத்திரி ஆயா எங்க படுப்பாங்க?" என்று கேட்டேன்.

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். வீடு ஒரே அறை. "என் பக்கத்துலதான்" என்றான், குரல் இறங்கிவிட்டது.

இந்தக் கேள்வி எனக்கு முந்தைய வருஷம் ஒரு வீட்டில் தவறவிட்ட பிறகுதான் வந்தது.

2020-ல் கொரோனா வெளியூரிலிருந்து வரும் சாமான் என்பதுபோல்தான் எல்லோரும் நினைத்தோம். பெங்களூரிலிருந்து வந்தவர் யார், கோயம்பேடு மார்க்கெட் போய் வந்தவர் யார் என்று வீடு வீடாகத் தேடினோம். அந்த ஏப்ரலில் குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் வழியில், ஆந்திர எல்லைப் பக்கம் சைனகுண்டாவில், சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். சில நாட்களில் இடித்தும் விட்டார்கள். சுவர் வைத்துத் தடுக்கிற நோயாக இருந்திருந்தால் எவ்வளவோ உயிர் மிஞ்சியிருக்கும். கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய ஐந்தாறு நாள் ஆகும், சிலருக்குப் பதினான்கு நாள் வரைக்கும். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குத் தொற்றவும் செய்யும். அந்த இரண்டு நாளில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் எங்கே போகப்போகிறார்? நல்ல உடம்புக்காரன்தான் வேலைக்குப் போவான், டீக்கடையில் நிற்பான், பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடுவான், பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருவான்.

செப்டம்பரில் நடந்தது இது. லுங்கி நெய்யும் வீடு. மகனுக்கு 24 வயது, காய்கறி வண்டியில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. சோற்றில் வாசனை தெரியவில்லை என்று கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. காய்ச்சல் கணக்கெடுக்க அந்தத் தெருவுக்கு வாரம் மூன்று தரம் போனவள் நான். போனபோதெல்லாம் வென்டிலேட்டரைப் பற்றியும் சாவைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். அவன் பயந்தது உண்மைதான். ஆனால் அவனுடைய பயம் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்களே என்பது. அப்பா நெய்த லுங்கியை இனி யாரும் தொடமாட்டார்களே என்பது. அதனால் மறைத்துவிட்டான். பத்து நாளில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 58 வயது, சர்க்கரை உண்டு. 108-ல் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். தறியில் பாதி நெய்த லுங்கி அப்படியே நின்றது, பச்சைக் கட்டம் போட்டது. தூசி படாமலிருக்க மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். அவன் தறிக்குழி ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் குடுத்தனாக்கா?"

நான் என்ன சொல்ல முடியும்? அவன் அப்பாவும் நூல் வாங்க வெளியே போனவர், நாலு பேரோடு உட்கார்ந்து பேசினவர். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல என்னிடம் எந்தச் சோதனையும் இல்லை. அதைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டான். நம்பினான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று வாரம் அந்த வாசலில் நின்றேன். அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, அவருக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள், தனியாகப் படுக்க இடம் இருக்கிறதா, வேலைக்குப் போகாவிட்டால் வீடு எப்படி ஓடும் — இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசனை போன அன்றைக்கே வாயைத் திறந்திருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பொறுப்பில்லாமல் ஊர் சுற்றும் இளைஞர்கள் என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள். என் தெருக்களில் சுற்றியவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போனவர்கள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. இரண்டு வாரம் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். பிள்ளைகளிடம் பொறுப்பைக் கேட்கிறவர்கள் அதற்கு ஆகிற செலவையும் பேச வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2021 மே, ஜூனில் அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக அரசு 4,000 ரூபாய் கொடுத்தது. அந்த வாரங்களில்தான் "வீட்லயே இருடா" என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது.

சரி, வேப்பமரத்தடிப் பையனுக்கு வருகிறேன். அவன் சூப்பர்வைசருக்கு நானே போன் போட்டுப் பேசினேன். ரிசல்ட் வந்த மெசேஜை அனுப்பச் சொன்னார், அனுப்பினோம், வேலை போகாது என்றார். கூட்டாளி ஒருவனுடைய நிலத்தில் இருந்த பம்ப்செட் ரூமைக் கூட்டிச் சுத்தம் செய்து கயிற்றுக் கட்டில் போட்டார்கள். நான்கு பையன்கள் முறை வைத்துக் களியும் குழம்பும் கொண்டுவந்து தொட்டிச் சுவரில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசிவிட்டுப் போவார்கள். "எம்பேரனக் கொண்டுபோய்க் கொட்டாயில போட்டுட்டியே" என்று ஆயா மறுபடியும் என்னோடு சண்டைக்கு வந்தார். அவருக்கும் சோதனை செய்தோம். தொற்று இல்லை.

ஆறாம் நாள் அவன் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 96. "பாத்தியாக்கா" என்றான். வரப்பில் ஆறு நிமிஷம் நடந்துவிட்டு வரச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே போனான், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். மறுபடி மாட்டினேன். 91. இன்னொரு விரலில் பார்த்தேன், அதிலும் 91. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை, அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்த நோயில் சிலருக்கு உள்ளே ஆக்சிஜன் குறைவதை உடம்பு காட்டிக்கொடுக்காது. இந்த வயசுப் பிள்ளைகளிடம் இதுதான் எனக்குப் பெரிய பயம். பெட் கிடைக்காமல் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அவனுக்குக் கிடைத்தது. ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தான். திரும்பி வந்தபோது தெருமுனையிலிருந்து வீட்டுக்கு நடந்து வர இரண்டு இடத்தில் உட்கார்ந்தான்.

அதனால் 10,000-க்கு ஒருவர் என்பதையும் நான் பையன்களிடம் அப்படியே சொல்வதில்லை. இறப்பு அவ்வளவுதான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அதைவிட அதிகம். அடுத்து வருகிற நோயும் இப்படியே வயசானவர்களைத்தான் தேடும் என்று சொல்லவும் முடியாது. 1918-ல் வந்த இன்ஃப்ளூயன்சா வழக்கத்துக்கு மாறாக 20 முதல் 40 வயதுக்காரர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது.

களி கொண்டுவந்த நான்கு பேரும் அதற்கப்புறம் என்னோடு ஒட்டிக்கொண்டார்கள். தடுப்பூசி முகாமுக்கு நடக்க முடியாத பெரியவர்களைப் பைக்கில் ஏற்றி வந்தது அவர்கள்தான். தமிழ்நாட்டில் 18 வயதுக்காரர்களுக்கு ஊசி தொடங்கியதே அந்த மே மாதம் பாதிக்கு மேல்தான். தங்களுக்கு முறை வருவதற்கு முன்னாலேயே அடுத்தவர்களைக் கூட்டி வந்த பிள்ளைகள் அவர்கள்.

நெசவாளி வீட்டுப் பையனுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. குழந்தைக்கு இரண்டரை மாதம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்தான்.

"அக்கா, காலைலேர்ந்து தொண்டை கரகரங்குது. லேசா சளி. கொழந்தயத் தூக்கலாமா?"

சளி விடுகிறவரைக்கும் வேண்டாம், தள்ளிப் படு, பக்கத்தில் போனால் மாஸ்க் போட்டுக்கொள் என்றேன். ராத்திரி எங்கே படுப்பாய் என்று கேட்டேன். தறி ரூமில் பாய் போட்டாகிவிட்டது என்றான்.

"நாளைக்கு புதன்கிழமை, ரெண்டாவது ஊசி இருக்குதே" என்றான்.

"அவங்க அம்மா தூக்கிட்டு வரட்டும். நீ அட்டைய மட்டும் எடுத்துக் குடு."

"சரிக்கா" என்றான். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச தூரத்திலிருந்து.