கொத்தை விட்டேன், போனை விடத்தான் கஷ்டப்பட்டேன்

போன வருஷம் வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் ஏதும் இருக்கும் என்று நினைத்தேன். கல் இல்லை. ஈரலில் கொழுப்பு, கிரேட் 2, அதாவது நடுத்தர அளவு என்று எழுதித் தந்தார்கள். ரத்தப் பரிசோதனையில், ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி 71. அது 40க்குள் இருந்தால் நல்லதாம்.

"நான் குடிக்கிறதே இல்லையே டொக்டர்" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "இரவில எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்று கேட்டார்.

மட்டக்களப்பு டவுனில் போன் திருத்தும் கடை எனக்கு. ஒன்பதரைக்குப் பூட்டி, வழியில் ஒரு கோழிக் கொத்து ரொட்டியும் சோடாவும் வாங்கிக்கொண்டு கல்லடியில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கப் பத்தரை தாண்டிவிடும். அப்புறம் போனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டால் ஒன்றரை, இரண்டு மணி. மகளைப் பள்ளிக்கு ஏற்ற ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். கணக்குப் பார்த்தால் நாலு மணி நேரம்கூடத் தேறாது.

ஈரலுக்கும் ஒரு மணிக்கூடு உண்டாம். அது ராத்திரி வேலைக்கு மாறும் நேரத்தில்தான் நான் கொத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். நித்திரை குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியும் கூடும், மிஞ்சுகிற சீனி கொழுப்பாகி ஈரலில் போய்த் தங்கும் என்றார்.

பக்கத்தில் இருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வள்ளத்து எஞ்சின் மாதிரிக் குறட்டை டொக்டர். திடீரெண்டு சத்தமே இல்லாமப் போகும். நான் தட்டி எழுப்புவன்." டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். நித்திரையில் மூச்சுத் தடைப்பட்டு ஒட்சிசன் திரும்பத் திரும்பக் குறைந்தால் அதுவும் ஈரலைக் கெடுக்குமாம். அதற்குத் தனிப் பரிசோதனை செய்தோம். நல்ல காலம், லேசானது. எடையைக் குறைத்து, சரிந்து படுக்கச் சொன்னார்கள்.

முதல் இரண்டு மாதம் நான் சாப்பாட்டை மட்டும்தான் மாற்றினேன். கொத்து இல்லை, சோடா இல்லை. ஆனால் போன் அப்படியே. பன்னிரண்டு மணிக்கு வயிறு இரையும், கை பிஸ்கட் டின்னுக்குப் போகும். 84 கிலோ 83 ஆனது, அவ்வளவுதான். அம்மா கீழ்க்காய்நெல்லியை அரைத்துக்கொண்டு வந்து "குடி மனே" என்று நின்றா. "அது மஞ்சள் காமாலைக்கு அம்மா" என்று தப்பினேன்.

பிறகுதான் கடையை எட்டு மணிக்குப் பூட்டினேன். வாடிக்கையாளர் சிலர் போய்விட்டார்கள், அது உண்மை. ஏழரைக்கே கடையில் வைத்துக் குரக்கன் புட்டு. போன் சார்ஜர் சாமித்தட்டுக்குப் பக்கத்தில். எழும்புவதற்கு ஒரு மணிக்கூடு வாங்கினேன். முதல் கிழமை பத்தரைக்குப் படுத்து, கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு முழித்தே கிடந்தேன். மூன்றாம் கிழமைதான் கண் தானாகச் செருகியது. ஆறரை, ஏழு மணி நேரம் நித்திரை கிடைத்ததும் காலையில் பழைய பாலத்தில் நடக்கவும் கால் வந்தது.

ஏழாம் மாதம் 77 கிலோ, ஏஎல்டி 38, கிரேட் 1. நித்திரைதான் குறைத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சாப்பாடும் நடையும் சேர்ந்துதான். ஆனால் நேரத்துக்குப் படுக்காமல் அந்த இரண்டும் என்னால் முடியவில்லை.

போன கிழமை மட்ச் பார்த்து ஒரு மணிக்குப் படுத்தேன். மறுநாள் பதினொரு மணிக்கே எதிர்க்கடையில் ரோல்ஸ் வாங்க நின்றேன்.