நண்டு வரைஞ்ச கை

பிரான்ஸ்ல பிரிட்டனி பக்கம் போறவங்க எல்லாம் சேன் மலோ கடற்கரைக்குத்தான் ஓடுவாங்க, நாங்க ரென் நகரத்துல ட்ரெய்ன் ஏறி லாம்பால்ங்கற ஊர்ல இறங்கினோம், ஒரு மணி நேரம்கூட ஆகல. மழைன்னா மழை, ஸ்டேஷன் வாசல்லயே குடை திருப்பிக்கிச்சு. வீட்டுக்காரருக்கு அங்க இருக்கற பழைய அரசாங்க குதிரைப் பண்ணைய பாக்கணும், எனக்கு அதே வளாகத்துல இருக்கற, ஓவியர் மாத்தியூரான் மேயூவோட மியூசியம், அதனால சண்டை இல்லாம ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. 2022க்கு முன்னாடி இந்த மியூசியம் டவுன் நடுவுல மரச்சட்டம் போட்ட ஒரு பழங்கால வீட்ல இருந்துச்சாம், மரண தண்டனை நிறைவேத்தறவன் வீடுன்னே அதுக்குப் பேரு. நல்லவேளை மாத்திட்டாங்க!

மேயூ இந்த ஊர்க்காரர்தான், 1882ல பிறந்தவர். 1910ல இருந்து ரெண்டு வருஷம் ரோஸ்காஃப் கடல் ஆராய்ச்சி நிலையத்துல உக்காந்து நண்டு, மீன், பாசின்னு வரைஞ்சு தள்ளியிருக்கார். 1914ல ஸ்காலர்ஷிப் கிடைச்சு ஜப்பான் போனா அங்க இருக்கும்போதே போர் ஆரம்பிச்சிடுச்சு, அப்படியே திரும்பி வந்து 136வது காலாட்படைல சேர்ந்து வடக்கு பிரான்ஸ்ல ஆராஸ் பக்கம் பதுங்குகுழிக்குள்ள போயிட்டார். அங்க இருந்து பொண்டாட்டிக்கு எழுதின லெட்டர்லயும் ஓரமெல்லாம் படம்தான்.

நான் ரொம்ப நேரம் நின்னது ஒரு சின்ன ஸ்கெட்ச் முன்னாடி. மண்சுவர்ல சாஞ்சு கிடக்கற ஒரு சிப்பாய். முகம் ரெண்டு மூணு கோடுதான், ஆனா பூட்ஸ் இருக்கே, அடியில அடிச்ச ஆணி ஒண்ணொண்ணும் தெரியுது, ஒரு ஆணி விழுந்துபோன ஓட்டை உட்பட. நண்டுக்கால் கணுவ எண்ணி எண்ணி வரைஞ்ச கை இல்லயா, அது எங்க போகும். வீரம் தியாகம்னு பெரிய சைஸ்ல வரைஞ்ச போர் ஓவியம் எவ்வளவோ பாத்திருக்கேன், எனக்கு அதுல ஒண்ணும் ஒட்டினதில்ல, இந்த ஆணி ஒட்டிக்கிச்சு.

வீட்டுக்காரர் குதிரை வாசனையோட வந்து தோள்மேல எட்டிப் பாத்தார். "தூங்கறானா, இல்ல செத்துட்டானா?"

எனக்கும் சந்தேகம் வந்து மறுபடி குனிஞ்சு பாத்தேன். மடியில கிடந்த கை புகை பிடிக்கற பைப்ப நழுவ விடாம புடிச்சிட்டு இருந்துச்சு.

"தூங்கறான்ங்க."