ஆனி ஆடி இல்லாத ஆய்வு

கடலோர வள மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்ற கையோடு எனக்குக் கிடைத்த ஃபெலோஷிப், 2018 செப்டம்பரில் தொடங்கி 2019 மே மாதத்தில் முடிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரில் தங்கி, கரையின் அகலத்தை அளப்பதும், பேரிடரிலிருந்து மீண்டெழும் திறனை வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்வதும் என் பணி. நல்கை அளித்த நிறுவனம் நிதியாண்டையும் கல்வியாண்டையும் பார்த்துக் காலத்தை வகுத்திருந்தது. கடலின் ஆண்டை யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கே ஜனவரியில்தான் புரிந்தது.

அன்று காலை நான் அளவுநாடாவை விரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "இப்ப அளந்தா கரை நெறய இருக்கத்தான் செய்யும், மக்களே. ஆனி ஆடியில வந்து அளந்து பாரு" என்றார். தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் அந்த இரு மாதங்களில் மணலை வாரிக் கடலுக்குள் கொண்டுபோகின்றன. அலை தணிந்த பிறகு அதில் ஒரு பகுதி மெல்லக் கரையேறுகிறது. ஆகவே நான் அளந்துகொண்டிருந்தது, இழந்ததைக் கடல் திருப்பித் தந்திருந்த நாட்களின் கரையை. அவருடைய மாமியார் காலத்து வீடு நின்ற இடத்தை அவர் கைநீட்டிக் காட்டினார். அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது.

ஆய்வுக் காலத்தை ஆகஸ்டு வரை நீட்டித் தருமாறு கேட்டேன். இயலாது என்று பதில் வந்தது. எனவே முறையை மாற்றிக்கொண்டேன். ஊர்த் தேவாலயத்தின் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையின் அனுமதியோடு, வயதில் மூத்த ஆண்களையும் பெண்களையும் கரையில் நடக்க அழைத்து, ஆடி மாதக் கடல் எந்த ஆண்டு எதுவரை ஏறியது என்று காட்டச் சொன்னேன். எந்தக் குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) வரை, யார் வீட்டுத் தென்னை வரை என்று அவர்கள் சொன்ன அடையாளங்களை ஒரு தாளில் வரைந்தேன். ஆண்டுகளைச் சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின், ஒக்கிப் புயலுக்குப் பின் என்றே எண்ணினார்கள். 2004 டிசம்பர் 26 அந்த ஊரில் நாட்காட்டியையே இரண்டாக வெட்டிவிட்டிருந்தது.

அந்த நடையில்தான் இன்னொன்றும் தெளிவாயிற்று. எனக்குத் தரப்பட்ட வரைபடத்தில் வீடுகளுக்கும் அலைக்கும் நடுவே இருந்த மணற்பரப்பு காலி நிலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அங்கேதான் வள்ளம் ஏற்றுகிறார்கள், கரையில் நின்று இழுக்கும் வலையான கரமடியை இழுக்கிறார்கள், வலை பழுது பார்க்கிறார்கள், மீனை ஏலம் விடுகிறார்கள். அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பிய இடங்களில் வீடுகள் ஓரளவு தப்பின, ஆனால் வள்ளம் கரையேற வழியில்லை. வள்ளங்கள் துறைமுகத்துக்குப் போனதும், ஊர்க்கரையிலேயே மீன் வாங்கிக் கூடை சுமந்து விற்ற பெண்கள் விடியுமுன் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கரை போனால் பெண்களின் வருமானம் போகிறது என்பதைப் பதிவு செய்ய என் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊரார் கேட்டதையும் நான் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொண்டேன். அது ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கம் அரிப்பைத் தள்ளும், அடுத்த ஊர் அதன் விலையைக் கொடுக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். வீட்டு வாசலில் அலை நிற்கும்போது கையில் கிடைக்கும் காப்பு அதுதான்.

படிவத்தில் இருந்த ஒரு கேள்வியை நான் கடைசி வரை கேட்கவில்லை. புயல் புகலிடம் வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்பது அது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது இந்தக் கடற்கரையின் ஆண்கள் பலர் வீட்டில் இல்லை, ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரைக்கே தாமதமாக வந்தது, தொலைவில் கிடந்த படகுகளை எட்டும் தொலைத்தொடர்பும் இல்லை. தூத்தூர் பக்கத்தில் கணவனையோ மகனையோ திரும்பப் பெறாத பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது பிழை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இத்தகைய நல்கைகளை வகுப்போரிடம் நான் வேண்டுவது, காலம் ஓர் ஆனியில் தொடங்கி மறு ஆடியையும் கடக்க வேண்டும் என்பதே. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வு (ஃபெலோஷிப்) திட்டம் 2022 இல் இரண்டாண்டு காலமாக அமைக்கப்பட்டபோது, அந்தக் கால அளவு கடலோரப் பணிக்கும் வாய்க்க வேண்டும் என்று விரும்பினேன். இந்த மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமே இரண்டு: கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுத் தொழிலாளர்கள் ஊரில் இருந்து நிதானமாகப் பேசக்கூடிய நாட்கள் அவை. மேற்குக் கரையில் இருந்த நான் அதற்கு முந்தைய மாதமே அறிக்கையை ஒப்படைத்துவிட்டேன். அதுவும் ஆங்கிலத்தில்.

அந்த ஆடியில் என் செலவில் திரும்பிப் போனேன். ஊரார் சொல்லி வரைந்த படத்தைத் தமிழில் எழுதி, பெரிய தாளில் எடுத்துச் சென்று பங்குப் பேரவையிடம் கொடுத்தேன்; இரண்டு அடையாளங்களை இடம் மாற்றச் சொன்னார்கள், அங்கேயே திருத்தினேன். பிறகு பாட்டியோடு கரைக்குப் போனேன். ஜனவரியில் அவர் நெத்திலி காயவைத்த இடத்தில் நாடாவை விரிக்க மணல் இருக்கவில்லை. அலை எங்கள் காலை நனைக்க, அவர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுமுனையோடு குருசடியின் படி வரை நடந்தேன்.