மாம்பழக் கையும் பதினெட்டு ரூபாய் ஸ்ட்ரிப்பும்

போன ஜூன் மாசம் ஒரு சாயங்காலம் பாப்பாவுக்கு, என் மகளுக்கு, சுகர் பார்க்கிற மிஷின் 412 காட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியம் அளவுக் களிதான், இன்சுலின் ஊசியும் நான்தான் போட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி அவள் விரலை முகர்ந்து பார்த்தேன். மாம்பழ வாசனை! மண்டியிலிருந்து அவங்கப்பா கொண்டுவந்த பெங்களூராவைப் பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு அறுத்துக் கொடுத்திருக்கிறாள். "நான் ஒரு துண்டுகூடத் திங்கலம்மா" என்று என் தலையிலேயே கை வைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 171. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறையும் சேர்த்தே மிஷின் கணக்குப் போட்டிருக்கிறது. அந்த 412-ஐ நம்பி ஊசியைக் கூட்டிப் போட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணத்தில் மாம்பழ சீசனில் எந்தப் பிள்ளை கைதான் சுத்தமாக இருக்கும், சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு டைப் 1 சர்க்கரை நோய். "மிட்டாய் நிறையக் குடுத்தியா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

குழந்தைகளுக்கென்றே கலர் கலராக மிஷின் உண்டாமே, வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2010 வாக்கில் பேயர் கம்பெனி 'டிஜெட்' என்று ஒன்று விட்டது. அதை நிண்டெண்டோ கேம் மிஷினில் செருகினால், ஒழுங்காக டெஸ்ட் செய்ததற்குப் பாயிண்ட் சேர்ந்தது. நல்ல யோசனைதான். எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பு மிஷின், 800 ரூபாய். பாப்பா அதன் முதுகில் மயில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள், கலர் பிரச்சினை தீர்ந்தது.

மிஷின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. ரத்தச் சொட்டை வைக்கிற சின்னப் பட்டைதான் ஸ்ட்ரிப், ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதுசு வேண்டும். எங்களுக்கு ஒரு ஸ்ட்ரிப் 18 ரூபாய். ஒரு நாளைக்கு நாலு என்றால் மாசம் 2,160. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மிஷினில் போகாது. அதனால் கடையில் முதலில் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள், பிறகு எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று கேளுங்கள். சொட்டு பத்தாமல் 'எரர்' வந்தால் காசும் போச்சு, பிள்ளைக்கு இரண்டாவது குத்து வேறு. விரல் நுனியில் குத்தாமல் ஓரமாகக் குத்தினால் வலி குறைவு.

இன்சுலினை அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வாங்குகிறோம். ஸ்ட்ரிப் கடையில்தான். மாசக் கடைசியில் நான் டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி எண்ணுவதைப் பாப்பா பார்த்திருக்கிறாள் போல. எனக்கு அது உறைக்கவே இல்லை.

இந்த மாசம் 28-ஆம் தேதி ஸ்கூல் விட்டு வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. டெஸ்ட் செய்தால் 54, சுகர் ரொம்ப இறங்கிவிட்டது. மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அது டாக்டர் சொன்ன கணக்கு. இரண்டாவது ஸ்ட்ரிப்பை எடுத்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்போ நல்லாயிட்டேம்மா. நாளைக்கு வச்சுக்கலாம்."

கையைப் பிடித்துக் குத்தினேன். 96. டப்பாவை இப்போது பீரோ மேலே, அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.