வாரிஸ் பாரத்துல யார் பேர எழுதுறது

இத ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன். நான் மலேசியாவுல பொம்பாவுல, அதாவது தீயணைப்புப் படையில வேலை செய்றேன், பதிமூணு வருஷம் ஆச்சு, பேராக் மாநிலத்துல ஒரு எஸ்டேட் டவுன்ல. ஊர் பேர் போடல, ஏன்னா எங்க பாலாய்ல, அதாவது தீயணைப்பு நிலையத்துல, தமிழ் ஆளுங்க மொத்தமே ரெண்டு பேரு தான், ஊரச் சொன்னா ஆளச் சொன்ன மாதிரி. சுத்தி எங்க பாத்தாலும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. நான் சின்னப் பையனா இருந்தப்ப பாதி ரப்பர் மரமா இருந்துச்சு, அம்மா பால்மரம் சீவுனவங்க, இருட்டுல எந்திரிச்சு தலையில லைட்டக் கட்டிட்டு போவாங்க. இப்ப நாங்க இருந்த அந்த லயமும், தோட்ட வீட்டு வரிசையும் இல்ல, அங்க தாமான்னு புது வீட்டுக் குடியிருப்பு வந்துருச்சு, அதுலயே ஒரு சின்ன வீட்டுல தான் நானும் அம்மாவும் இருக்கோம்.

நான் தன்பாலீர்ப்பாளன். இந்த வார்த்தையே எனக்கு லேட்டா தான் கெடச்சது. 2022ல தமிழ்நாட்டு அரசாங்கம் எங்கள மாதிரி ஆளுங்களக் கூப்பிட மரியாதையான தமிழ்ச் சொல்லுங்கன்னு ஒரு பட்டியல் வெளியிட்டாங்க, சென்னை ஹைகோர்ட்டு கேஸ் ஒண்ணுல இருந்து வந்தது அது. அந்த செய்திய போன்ல படிச்சிட்டு ராத்திரி ஷிப்ட்ல பாத்ரூம்ல போய் நின்னு அந்த வார்த்தைய மெதுவா வாய்விட்டு சொல்லிப் பாத்தேன். அதுவரைக்கும் எனக்கு தெரிஞ்சதெல்லாம் "ஒம்போது", "பொண்டான்", தோட்டத்துல திட்டுறதுக்கு வச்சிருக்கிற வார்த்தைங்க தான். 31 வயசுல தான் திட்டா இல்லாத ஒரு பேரு எனக்கு கெடைக்குது.

விஷயம் ஆரம்பிச்சது ஒரு தீயில. டவுன்ல பழைய கடை வீடு வரிசை ஒண்ணு இருக்கு, கீழ செங்கல்லு மேல பலகை, அதுல ஒரு கடையில ராத்திரி ரெண்டு மணிக்கு புடிச்சிருச்சு. உள்ள போறப்ப எங்களுக்கு எப்பவும் ஜோடி தான், ரெண்டு பேரா போகணும் ரெண்டு பேரா வெளிய வரணும். பி.ஏ. செட், அதாவது மூச்சு விடுற மாஸ்க்கும் காத்து சிலிண்டரும் மாட்டுனதும் நம்ம டேலிய, பேரு அட்டைய கழட்டி வாசல்ல போர்டு வச்சிருக்கிற ஆளுகிட்ட குடுக்கணும், அவரு நம்ம பேரு, சிலிண்டர்ல எவ்வளவு காத்து இருக்கு, எத்தன மணிக்கு உள்ள போனோம், எல்லாம் எழுதிக்குவாரு. காத்து கொறஞ்சா விசில் அடிக்கும். அசையாம கெடந்தா இடுப்புல இருக்கிற அலாரம் தானா கத்தும். அன்னிக்கு மேல இருந்து உத்திரக் கட்டை ஒண்ணு என் தோள்ல விழுந்துச்சு, நான் எந்திரிக்க முடியாம கெடந்தேன், அலாரம் கத்துச்சு, என் ஜோடி அண்ணே தான் ஹார்னஸப் புடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தாரு. நெஞ்செலும்பு பக்கத்துல காறை எலும்பு முறிஞ்சிருச்சு, ரெண்டு ராத்திரி ஆஸ்பித்திரில.

வேலைக்கு சேந்தப்ப வாரிஸ் பாரத்துல, அதாவது நமக்கு ஏதாச்சும் ஆனா யாருக்கு சொல்லணும்னு எழுதுற பாரத்துல, அம்மா பேரு தான் குடுத்திருந்தேன், அதனால அம்மாவுக்கு தான் போன் போச்சு. சரி தான். ஆனா ஈப்போல ஒருத்தன் இருக்கான், எனக்கும் அவனுக்கும் அப்ப நாலு வருஷப் பழக்கம், தினமும் ஷிப்ட் முடிஞ்சதும் "வந்துட்டேன்"னு ஒரு மெசேஜ் போடுவேன், அன்னிக்கு அந்த மெசேஜ் போகல. என் போன் பாலாய்ல லாக்கர்ல கெடந்துச்சு. அவனுக்கு யாரக் கேக்குறதுன்னு தெரியல, பாலாய்க்கு போன் போட்டா "நீங்க யாரு"ன்னு கேப்பாங்க, அவன் என்னன்னு சொல்லுவான்? மறுநாள் முகநூல்ல தீ போட்டோவ பாத்துருக்கான், ஒரு பொம்பா ஆளுக்கு அடின்னு போட்டிருந்தாங்க, பேரு இல்ல. மூணாவது நாளு தான் நான் போன் போட்டேன். அவன் பேசவே இல்ல, மூச்சு மட்டும் கேட்டுச்சு. அந்த மூச்சு சத்தத்துக்காக தான் நான் சொல்றதுன்னு முடிவு பண்ணேன். வேற பெரிய காரணம் கெடையாது.

இங்க சட்டம் எப்படின்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், ஏன்னா இது தெரியாம சொல்லப் போறது ஆபத்து. பினால் கோட்ல, அதாவது மலேசியக் குற்றவியல் சட்டத்துல, 377ஏ, 377பி ரெண்டும் இன்னும் இருக்கு, ஆணும் ஆணும் உடலுறவு வச்சா 20 வருஷம் வரைக்கும் ஜெயிலு, ரோத்தான்னு சொல்ற பிரம்படியும் உண்டு. 377டி தனியா ஒண்ணு, அநாகரிகமா நடந்துக்கிறதுக்கு, அது 2 வருஷம் வரைக்கும். மதம் பாக்காம எல்லாருக்கும் பொருந்தும். மலாய்க்கார முஸ்லிம் சகோதரங்களுக்கு இதுக்கு மேல ஷரியா சட்டமும் இருக்கு. வெள்ளக்காரன் 1860ல இந்தியாவுக்கு எழுதுன சட்டத்துல இருந்து தான் இது இங்க வந்தது, அந்த இந்தியாவுல 2018 செப்டம்பர் 6ல சுப்ரீம் கோர்ட்டு, பெரியவங்க சம்மதத்தோட நடக்கிறது குத்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க, சிங்கப்பூர்ல 2022ல பார்லிமெண்டே எடுத்துட்டாங்க, இங்க இன்னும் எடுக்கல. சட்டம் சொல்றது செயல தான், ஒருத்தன் இப்படிப் பட்டவன்னு சொல்லிக்கிறத இல்ல, ஆனா அரசாங்க வேலைல இருக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் காப்பாத்தும்னு நம்பி எறங்க முடியாது. அதனால எல்லாருக்கும் அறிவிக்கிற மாதிரி நான் எதுவும் செய்யல. நான் செஞ்சது ஒவ்வொரு ஆளா.

யாருகிட்ட முதல்லன்னு ஆறு மாசம் யோசிச்சேன். என் வருஷ மார்க்கு போடுற ஆளுகிட்ட சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணேன், ஏன்னா நாளைக்கு ஒரு பாயிண்டு கொறஞ்சா கூட அதனாலயா இதனாலயான்னு நானே சாவேன். மலாய் தோழன் ஒருத்தன், ஹோஸ் புடிக்கிறதுல என்னோட உயிர், அவன்கிட்ட சொல்ல மனசு துடிச்சுது, ஆனா அவன் மார்க்கம் அவனுக்கு ஒரு பதில் குடுத்து வச்சிருக்கு, நான் சொல்லி அவன நடுவுல மாட்டி வைக்கிறது எனக்கு நியாயமாப் படல. இன்னி வரைக்கும் சொல்லல. அது வலிக்குது. நடுவுல ஒரு ராத்திரி பிஃப்ரெண்டர்ஸ்க்கு, மனசு கஷ்டத்துல இருக்கிறவங்க பேசுறதுக்கான உதவி லைனுக்கு போன் போட்டேன், பேரு கேக்க மாட்டாங்க, ஒரு அம்மா முக்கால் மணி நேரம் கேட்டாங்க, அவ்வளவு தான், அது எனக்கு பெரிய ஒத்திகையா இருந்துச்சு. முதல் தடவையா முழுசா சொன்னது அவங்க கிட்ட தான். பயமா இருக்கிறவங்க அப்படி ஆரம்பிக்கலாம்.

கடைசில என்ன இழுத்துட்டு வந்த அண்ணே. அவருக்கு என்ன விட பன்னெண்டு வயசு ஜாஸ்தி. ஷிப்ட்ல சொல்லல, மாமாக் சாப்பாட்டுக் கடையில சொல்லல, மெசேஜ்ல சொல்லவே இல்ல, எழுத்துல இருந்தா யாரு கைக்கும் போகும். ஆஃப் நாளு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில மீன் புடிக்கப் போவோம், அங்க வச்சு சொன்னேன். நாலு வரி தான் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். "அண்ணே, எனக்கு பொண்ணுங்க மேல நாட்டம் இல்ல. ஈப்போல ஒரு பையன் இருக்கான், அவன் தான் எனக்கு எல்லாம். எனக்கு ஏதாச்சும் ஆனா அவனுக்கு நீங்க போன் போடணும். வேற யாருக்கும் சொல்லாதீங்க."

அவரு தூண்டில் கயித்த சுத்தி உள்ள எடுத்தாரு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாரு, "டே, என் பையன பந்து வெளையாட உன்கூட தானடா அனுப்புறேன்?"

அது என்ன வெட்டுன மாதிரி இருந்துச்சு. அவன் பத்து வயசுப் புள்ள, நான் தூக்கி வளத்தவன். நான் கோவப்படல, அழுதுட்டேன், "அண்ணே, பொண்ணுங்களுக்கு டியூஷன் எடுக்கிற ஆம்பளைங்கள எல்லாம் இப்படி கேப்பீங்களா"ன்னு மட்டும் கேட்டேன். அவரு பதில் சொல்லல. மோட்டார் எடுத்துட்டு போயிட்டாரு. அந்த வாரம் ஞாயித்துக்கெழம பையன் வரல.

பத்து நாளு வேலை விஷயம் தவிர ஒரு பேச்சு இல்ல. மாத்திக் கேப்பாரு, வேற ஜோடி போடச் சொல்லுவாருன்னு நெனச்சேன். பதினோராவது நாளு ஒரு ஸ்டோர் தீ, பி.ஏ. செட் மாட்டுனோம். எப்பவும் என் தோள் பட்டை வாரையும் மாஸ்க்கு ஓரத்தையும் அவரு தான் விரல விட்டு தடவிப் பாப்பாரு, காத்து கசியுதான்னு. அன்னிக்கும் பாத்தாரு. அதே விரலு, அதே மாதிரி ரெண்டு தட்டு தட்டுனாரு. வெளிய வந்து தண்ணி குடிச்சிட்டு இருக்கும்போது போன நீட்டி "அந்தத் தம்பி நம்பர போடு"ன்னாரு. அடுத்த ஞாயித்துக்கெழம பையன அவரே கூட்டிட்டு வந்தாரு, "அன்னிக்கு நான் பேசுனது தப்பு தம்பி"ன்னு சொன்னாரு. மன்னிப்பு கேக்குற பழக்கம் அந்த வயசு ஆளுங்களுக்கு நம்ம தோட்டத்துல கெடையாது, எனக்கு தெரியும் அது அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு.

பாரத்த மாத்த முடியுமான்னு யோசிச்சேன், ஆனா "என்ன உறவு"ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நண்பன்னு எழுதவே கை வரல, அவன் நண்பன் மட்டும் இல்லையே. அதனால பாரத்துல அம்மா பேரு அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டு உயில் எழுதுனேன். இது நெறைய பேருக்கு தெரியாது, முஸ்லிம் இல்லாதவங்களுக்கு 1959 உயில் சட்டம் இருக்கு, நம்ம சொத்த உறவு முறை இல்லாத ஆளுக்கும் எழுதி வைக்கலாம். ரெண்டு சாட்சி சேந்து இருக்கும்போது கையெழுத்து போடணும், சாட்சி போடுறவங்களுக்கோ அவங்க பொண்டாட்டி புருஷனுக்கோ அதுல எதுவும் எழுதி வைக்கக் கூடாது, வச்சா அந்த பங்கு செல்லாது. எனக்கு பெருசா ஒண்ணும் இல்ல, பேங்குல கொஞ்சம் வெள்ளி, ரிங்கிட் பணத்த தான் சொல்றேன், அப்புறம் ஒரு காடி, காரு. பாதி அம்மாவுக்கு பாதி அவனுக்கு. ரெண்டாவது சாட்சி அண்ணே.

அம்மா கத வேற. அம்மாவுக்கு 66 வயசு, எனக்கு கல்யாணம் ஆகணும்னு ஈப்போ கல்லுமலைக் கோயில் முருகனுக்கு ரெண்டு வருஷம் பால்குடம் எடுத்தவங்க. அந்த காலு கொப்புளத்தப் பாத்துட்டு தான் இனிமே மறைக்க முடியாதுன்னு ஆச்சு. சமையல் கட்டுல வச்சு சொன்னேன். முதல்ல டாக்டர் கிட்ட காட்டலாமான்னு கேட்டாங்க. "அம்மா, இது வியாதி இல்லன்னு உலக சுகாதார நிறுவனமே 1990ல பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு"ன்னு சொன்னேன், அவங்களுக்கு அந்த வருஷம் தான் மனசுல நின்னுச்சு போல, "நீ பொறக்கறதுக்கு முன்னாடியேவா"ன்னு கேட்டாங்க. அப்புறம் அஞ்சு வாரம் பேசல. சோறு மட்டும் மூடி வச்சிருக்கும். முனீஸ்வரர் கோயில்ல சாமி பாக்குறவருகிட்ட போய் கேட்டிருக்காங்க, என்ன சொன்னாருன்னு என்கிட்ட சொல்லல, கையில ஒரு கயிறு கட்டி விட்டாங்க, கட்டிக்கிட்டேன்.

ஒரு நாளு காலைல பசியாற வைக்கும்போது கேட்டாங்க, "அந்தப் பையன் வீட்டுல தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பாவம் அவங்க அம்மா"ன்னாங்க. அதுக்கு மேல இன்னி வரைக்கும் அந்தப் பேச்ச எடுக்கல. ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா பால்குடம் இந்த வருஷம் எடுத்தப்ப கல்யாணத்துக்குன்னு சொல்லல, "நீ உள்ள போனா வெளிய வரணும், அதுக்கு"ன்னாங்க.

போன மாசம் ஹைவே பக்கம் செம்பனை லோரி ஒண்ணு காடியோட மோதி, டிரைவர வெட்டி எடுக்கும்போது தகரம் என் முழங்கைய கிழிச்சிருச்சு. ஆம்புலன்ஸ்ல உக்காந்திருந்தேன், அண்ணே கொஞ்சம் தள்ளி நின்னு போன் பேசிட்டு இருந்தாரு. அவன் அப்புறம் சொன்னான், அவருக்கு சுத்தி வளைக்கவே தெரியல, எடுத்ததுமே, "தம்பி, நான் பாலாய்ல இருந்து அண்ணே பேசுறேன், அவனுக்கு ஒண்ணும் இல்ல, எட்டு தையல் தான், நீ பதறாத, மெதுவா காடி ஓட்டிட்டு வா, ரோட்டுல லோரி ஜாஸ்தி"ன்னு சொன்னாராம்.