லிட்டெம்பர் (சைலன்சர்) மாட்டிய என் துவக்கு

என் இடது காதுக்குள் ஒரு இரைச்சல் இருக்கிறது. மின்கம்பத்துக்குக் கீழே நின்றால் கேட்குமே, அப்படி. பகல் வேலையில் மறந்து போகும். இரவில் வீடு அடங்கியதும் தொடங்கிவிடும்.

அது வந்தது 2014 அக்டோபரில், ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்கில், எல்க் என்ற பெரிய மானைச் சுடப் போன என் முதல் வேட்டையின்போது. நோர்வேக்கு வந்து இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் வேட்டைக்காரர் பரீட்சை எழுதினேன். அணியில் எல்லோருக்கும் பிந்தி வந்தவன் நான் என்பதால் ஓடைக்கரையில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். சுள்ளி முறியும் சத்தம் கேட்க வேண்டும் என்று காதுக் கவசத்தைக் கழுத்தில் இறக்கி விட்டிருந்தேன். எல்க் வந்தது. கவசத்தை ஏற்ற நேரமில்லை. ஒரே வெடி. மாடளவு மிருகம் நாலு எட்டு நடந்து சாய்ந்தது. என் இடது காதும் அந்த வெடியோடுதான் கெட்டது.

ஏன் இடது? வலது தோளில் துவக்கை அணைத்துச் சுடும்போது இடது காதுதான் குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கும். வலது காதைத் தலை மறைத்துக்கொள்ளும். காது வைத்தியர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "வலது தோளில் வைத்தா சுடுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அடுத்த வருடமே குழல் நுனியில் மாட்டும் லிட்டெம்பர் வாங்கினேன். தமிழில் நாம் சைலன்சர் என்கிறோம். நோர்வே மொழியில் அந்தச் சொல்லின் பொருள் 'ஒலியைத் தணிப்பது', அவ்வளவுதான். எனக்கு இந்தச் சொல்தான் நேர்மையாகப் படுகிறது. வேட்டைத் துவக்கின் வெடி 160 டெசிபல் அளவில் இருக்கும். நல்ல லிட்டெம்பர் 20 முதல் 30 வரை குறைக்கும். மிச்சம் நிற்பதும் பெரிய சத்தம்தான், ஆனால் 140ஐத் தாண்டினால் ஒரே வெடியில் காது கெடலாம் என்ற எல்லைக்குக் கீழே அது வந்துவிடுகிறது. படங்களில் வருவது போல 'புஸ்' என்று அடங்காது. என் 6.5 மில்லிமீட்டர் துவக்கின் சன்னம் நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அது காற்றைக் கிழிக்கும் சாட்டையடிச் சத்தத்தைக் குழலில் மாட்டிய எந்தக் கருவியாலும் நிறுத்த முடியாது. சன்னத்தை மெதுவாக்கலாமே என்றால், எல்க்கைச் சட்டென்று விழுத்தும் வலு அதில் இருக்காது. காயம்பட்ட மிருகம் காட்டுக்குள் ஓடும். அதைவிடப் பாவம் இல்லை.

1909இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துவக்கைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன். அதே நாட்டில் 1934இல் இதன்மேல் 200 டாலர் வரி போட்டார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய காசு. இங்கே நோர்வேயில் துவக்குக்குத்தான் அனுமதிப்பத்திரம், லிட்டெம்பரைக் கடையில் கேட்டு வாங்கலாம். ஜெர்மனி 2020இல்தான் நாடு முழுக்க வேட்டைக்காரருக்கு வழி விட்டது.

எங்கள் அணித் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. எழுபது தாண்டிய மனிதர், காட்டில் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவர். "வெடிச்சத்தம் கேட்டால் யார் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். நீ சுட்டால் இனி எந்தப் பக்கம் என்றே தெரியாது" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செப்டம்பர் 25இல் வேட்டை தொடங்கும்போது காட்டில் லிங்கன்பெரி என்ற சிவப்புக் காட்டுப் பழம் பறிப்பவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளோடு நடக்க வருபவர்கள் இருப்பார்கள். சத்தம் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்காக நான் செய்வது, சுட்ட கையோடு வாக்கிடாக்கியில் இடத்தைச் சொல்வது, காட்டுப் பாதையின் இரு முனையிலும் 'வேட்டை நடக்கிறது' என்று பலகை நிறுத்துவது. இது போதுமா என்றால், பழம் பறிப்பவரிடம் வாக்கிடாக்கி இல்லையே.

கள்ள வேட்டைக்கு உதவும் என்ற வாதம் மட்டும் எனக்கு ஏறவில்லை. நான் வன்னியில் வளர்ந்தவன். அங்கே இடியன் என்ற நாட்டுத் துவக்கும், பொறியாகக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும்தான் மிருகங்களைத் தின்றன. கட்டுத்துவக்கு கம்பியில் கால் பட்டால் வெடிக்கும், மான் என்றும் மனிதன் என்றும் பார்க்காது. அதை வைத்தவன் வெடிக்கிற நேரம் வீட்டில் படுத்திருப்பான். அவனுக்கு எதற்கு லிட்டெம்பர்?

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. மகள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, சத்தம் குறைந்தால் எல்க்குக்குத் தெரியாமல் போகும்தானே, அது சரியா?" அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு மீட்டரில் சன்னம் போய்ச் சேர ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. சத்தம் போய்ச் சேர அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சுடப்பட்டது எப்படியும் வெடியைக் கேட்பதற்கு முன்பே அடிபட்டுவிடும்.

ஆனால் பக்கத்தில் நிற்பது? தாயும் கன்றுமாக வந்தால் கன்றைத்தான் முதலில் சுட வேண்டும் என்பது இங்கே முறை, தாயில்லாக் கன்று பனிக்காலத்தைத் தாங்காது. 2019இல் அப்படிச் சுட்டேன். முன்பெல்லாம் தாய் அந்த நொடியே பாய்ந்துவிடும். அன்று சத்தம் எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிடிபடவில்லை. காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு கன்றுக்குப் பக்கத்திலேயே நின்றது. அணிக்கு அனுமதித்த கணக்கில் இன்னொரு எல்க் பாக்கி இருந்தது, சுட்டிருக்கலாம். நான் சுடவில்லை. வெடிச்சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளை நான். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று இரவே லிட்டெம்பரைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். ஒரு பருவம் முழுக்க அது அங்கேயே கிடந்தது.

திரும்ப மாட்ட வைத்தது நாய். தலைவரின் சாம்பல் நிற எல்க் நாய், வாரில் பிடித்தபடி மோப்பத்தின் பின்னால் நடப்பார். சுடும்போது அது அவர் காலடியில்தான் இருக்கும். நமக்குக் கவசம் இருக்கிறது, அதற்கு என்ன இருக்கிறது? ஒன்பது வயதில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் போனது. அவர் அதைப் பற்றி யாரிடமும் கதைக்கவில்லை. அந்த வருட முடிவில் தன் துவக்கின் குழல் நுனியில் லிட்டெம்பர் மாட்டத் திருகுமரை வெட்டக் கொடுத்தார். சரி, நானும் என்னுடையதை எடுத்தேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. குழல் நீளும், நுனியில் பாரம் கூடும், இளம் ஸ்ப்ரூஸ்களுக்குள் நுழையும்போது கிளையில் இடிக்கும். ஈரக் குளிரில் உள்ளே நீர் கோக்கும், அதனால் ஒவ்வொரு மாலையும் கழற்றி வீட்டுக்குள் உலர்த்துங்கள், இல்லையேல் குழல் துருப்பிடிக்கும். காலையில் மாட்டும்போது திருகுமரை இறுகியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். காதுக் கவசத்தையும் விடாதீர்கள். காட்டுச் சத்தத்தை உள்ளே விட்டு வெடியை மட்டும் அடைக்கும் மின்னணுக் கவசங்கள் இப்போது கிடைக்கின்றன.

அப்புறம், மாட்டினால் குறி நகரும். இந்த ஆண்டுச் சூட்டுப் பரீட்சை இன்னும் பாக்கி: 100 மீட்டரில் 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து வெடி. சனிக்கிழமை தலைவரோடு சுடுதளத்துக்குப் போகிறேன், இரண்டு துவக்குக்கும் சேர்த்துக் குறி பார்த்துவிட்டு வர.