அட்ரஸ் பெரம்பூர்னு போடுக்கா

வடசென்னையில், வியாசர்பாடியை ஒட்டிய ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் பிளேஸ்மென்ட் பார்ப்பது என் வேலை. ஏசி மெக்கானிக், தையல், டேட்டா என்ட்ரி, நர்சிங் உதவியாளர் என்று நாலைந்து கோர்ஸ் நடக்கிறது. படித்து முடித்த பிள்ளைகளை அம்பத்தூர், மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் சேர்த்துவிட வேண்டும். அப்புறம் மாதாமாதம் போன் பண்ணி, அங்கேயே இருக்கிறார்களா, விட்டுவிட்டார்களா என்று விசாரித்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். அரசியல் வன்முறையைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அந்த ஷீட்டில் ‘வேலையை விட்ட காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் நிரப்புவோம். மேலிடத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

பயோடேட்டா அடிக்க உட்காரும்போதே தொடங்கிவிடும். “அக்கா, அட்ரஸ் பெரம்பூர்னு போடுக்கா. வியாசர்பாடின்னு பாத்தா கூப்டவே மாட்டாங்க.” பெரம்பூர் ஒன்றும் தூரமில்லை, போட்டால் பெரிய பொய்யும் இல்லை. ஆனால் பின்கோடு காட்டிக்கொடுத்துவிடும். பெரம்பூருக்கு 600011, வியாசர்பாடிக்கு 600039. ஆதார் ஜெராக்ஸ் கைக்குப் போனதும் எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறுவதைப் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். “நைட் ஷிப்ட் வருவியாப்பா? ஏரியால ஏதாவது பிரச்சனை இருக்கா?” என்று ஒரு கேள்வி வரும். அண்ணா நகர்ப் பையனிடம் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

வேலை கிடைத்த பிறகும் முகவரி விடாது. ஏசி மெக்கானிக்குக் கட்டாயம் பைக் வேண்டும். கேஸ் சிலிண்டர், வேக்குவம் பம்ப், டூல் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு சர்வீஸ் போக முடியாது. லோனுக்குப் போனால் ‘நெகட்டிவ் ஏரியா’ என்பார்கள். எழுத்தில் யாரும் தரமாட்டார்கள், ஷோரூமில் இருக்கும் பையன் காதோடு சொல்வான். சம்பளச் சீட்டு இருக்கும், சிபில் ஸ்கோரிலும் குறை இருக்காது, ஏரியா மட்டும் சரியில்லை. வேறு வழியில்லாமல் தண்டல்காரரிடம் போவான். என்றோ யாரோ யாரையோ வெட்டியதற்கு, அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவன் இன்றைக்கு வட்டி கட்டுகிறான்.

2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் தன் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். நாடு முழுக்கச் செய்தியானது. எங்கள் பகுதியில் அவரை அரசியல்வாதியாக மட்டும் பார்த்தவர்கள் குறைவு. பிள்ளைகளைச் சட்டம் படிக்கச் சொன்னவர், வழக்கறிஞர் என்றுதான் நிறையப் பேர் பேசினார்கள். கட்சித் தலைவரையே வீட்டு வாசலில் வைத்து வெட்ட முடியும் என்றால் நமக்கெல்லாம் என்ன என்பதுதான் அடுத்த சில வாரங்கள் வகுப்பறையில் ஓடிய பேச்சு. தெருமுனைகளில் போலீஸ் நின்றது. இரவில் பைக்கை நிறுத்தி விசாரணை நடந்தது. மாலை வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. செய்திச் சேனல்கள் யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று பேசின. அது அவர்கள் வேலை, சரி. யாருடைய வேலை போனது, எந்தப் பெண்ணின் படிப்பு நின்றது என்று கேட்க அங்கே நேரமில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நர்சிங் உதவியாளர் கோர்ஸ் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மிஷினை ரின்ஸ் பண்ணி அடுத்த நோயாளிக்குத் தயார் செய்வதைத் தனியாகச் செய்தாள். பிரஷர் இறங்கினால் நோயாளி எப்படிக் கொட்டாவி விடுவார் என்பதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்வாளாம், டெக்னீசியன் போனில் அவ்வளவு பாராட்டினார். மாலை ஷிப்ட் முடிய ஒன்பது மணி ஆகும். மருத்துவமனை வேன் மூலக்கடை வரைதான் வரும், உள்ளே வராது. முன்பு உள்ளே வந்துகொண்டிருந்ததுதான். ஒரு தகராறு நாளில் கண்ணாடி உடைந்த பிறகு டிரைவர்கள் மறுத்துவிட்டார்கள். மூலக்கடையில் இருந்து அவள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தை அவள் அம்மாவால் ஏற்க முடியவில்லை. “வேல போனா வேற வேல பாத்துக்கலாம் மேடம்” என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடி உடைந்த வண்டியை ஓட்டியவரையும் குறை சொல்ல முடியாது. அவள் மேல் ஒரு கல்கூட விழவில்லை. எந்தக் காவல் நிலையப் பதிவிலும் அவள் பாதிக்கப்பட்டவர் கிடையாது.

மனித வளர்ச்சி என்ற பேச்சைப் பொருளாதாரக் கணக்கிலிருந்து வெளியே இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக். அவர் முன்னின்று, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990இல் முதல் மனித வளர்ச்சி அறிக்கையை வெளியிட்டது. 1994 அறிக்கை ‘மனிதப் பாதுகாப்பு’ என்ற கருத்தை முன்வைத்தது. பாதுகாப்பு என்றால் எல்லையும் ராணுவமும்தான் என்று இருந்ததை மாற்றி, வருமானம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என்று ஏழு பக்கமாகப் பார்க்கச் சொன்னது. பயத்திலிருந்து விடுதலை, இல்லாமையிலிருந்து விடுதலை இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு என்றது. பயிற்சி வகுப்புகளில் இதை ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். ஏழு வட்டம், ஏழு கலர். எங்கள் தெருக்களில் அந்த வட்டங்கள் தனித்தனியாக இருப்பதில்லை. வேனின் கண்ணாடி உடைந்தால் வருமானம் போகிறது, அதோடு அந்த வீட்டில் பாலும் முட்டையும் குறைகிறது.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் தன் சிறுவயதில் கண்ட ஒரு சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1944, டாக்கா, மதக் கலவர நேரம். காதர் மியா என்ற முஸ்லிம் தினக்கூலி, முதுகில் கத்திக்குத்துடன் ரத்தம் வழிய அவர்கள் வீட்டு வாசலுக்குள் வந்து விழுந்தார். இந்துக்கள் பகுதிக்கு வேலைக்குப் போகாதே என்று மனைவி சொல்லியிருக்கிறார். வீட்டில் சாப்பாடு இல்லை, அதனால் போனார். மருத்துவமனையில் இறந்துவிட்டார். சென் அந்தச் சாவை வன்முறைக் கணக்கோடு முடித்துக்கொள்ளவில்லை, வறுமைக் கணக்கிலும் சேர்த்தார். பசி இல்லாதிருந்தால் அன்றைக்கு அவர் வீட்டை விட்டே இறங்கியிருக்க மாட்டார்.

டாக்கா வரை போகவேண்டியதில்லை. எங்கள் மையத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் புளியந்தோப்பிலேயே அந்தக் கதை இருக்கிறது. 1921இல் பின்னி துணி ஆலையில் வேலைநிறுத்தம். இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்தது இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் சேரவில்லை, ஆலைக்குப் போனார்கள். முந்தைய வேலைநிறுத்தத்திலேயே கடன்பட்டு நொந்திருந்தவர்கள், ஊரில் நிலம் நீச்சு இல்லாதவர்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. அதன்பின் கலவரம், துப்பாக்கிச் சூடு, மேலும் சாவு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அன்றைய தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பழி போட்டுக்கொண்டார்கள். வேலைக்குப் போனவனைத் துரோகி என்று சொல்வது சுலபம். இன்றைக்கும் பந்த் அன்று டெலிவரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் எங்கள் பழைய மாணவனிடம் யாராவது வண்டியின் சாவியைப் பிடுங்கும்போது எனக்குப் புளியந்தோப்பு ஞாபகம் வரும்.

இன்னொரு வகை முகவரியும் எங்களிடம் வருகிறது: புழல், காவாங்கரை முகாம். 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் பிளேஸ்மென்ட் பார்க்கும் எனக்குப் பெயரை விடப் பாஸ்போர்ட் முக்கியம். ஏசி மெக்கானிக் படிக்கும் பையன்கள் முக்கால்வாசிப் பேருக்கு வளைகுடாதான் கனவு. முகாம்ப் பையனுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004க்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. “அவன் இஞ்சதான் பிறந்தவன் பிள்ளை, கடலையே இஞ்சதான் முதல்ல பாத்தவன்” என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவர் 83 கலவரத்துக்குப் பிறகு சிறுமியாகப் படகேறி வந்தவர். கொழும்பில் நடந்த வன்முறைக்கு நாற்பது ஆண்டு கழித்துப் புழலில் ஒருவனின் சம்பளம் குறைகிறது. இலங்கையின் எழுத்தறிவையும் மருத்துவத்தையும் பாராட்டும் பட்டியல்களில் இந்தப் பையன்கள் எந்த வரியில் வருவார்கள் என்று யோசிப்பேன். அங்கேயும் வரமாட்டார்கள், இங்கேயும் வரமாட்டார்கள்.

உலக வங்கியின் 2011 உலக வளர்ச்சி அறிக்கையில் ஒரு தகவல் உண்டு. அதற்கு முந்தைய பத்தாண்டில் நடந்த உள்நாட்டுப் போர்களில் 90 சதவீதம், முப்பது ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே ஒரு போரைக் கண்ட நாடுகளிலேயே நடந்தவை. தெருவளவிலும் அப்படித்தான். ஒரு கொலைக்கு நினைவு நாள் வரும், நினைவு நாளுக்கு பேனர் வரும், பேனருக்கு போலீஸ் வரும். பேனரில் கீழ் வரிசையில் சின்னச் சின்ன வட்டத்துக்குள் பையன்களின் படங்கள் இருக்கும் பாருங்கள், அதில் எங்கள் மாணவர்களும் இருப்பார்கள். “நான் கேக்கலக்கா, பிரண்டு போட்டுட்டான்” என்பான் ஒருவன். ஸ்டேஷனில் அதை யார் கேட்பது?

முன்னெச்சரிக்கை என்று இவர்களைப் பிடித்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது வழக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129. பையன்கள் வாயில் இன்னும் ‘ஒன் டென்’தான். இது தண்டனை அல்ல, குற்றம் நிரூபணமானதாகவும் பொருள் இல்லை. ஆனால் கம்பெனியின் போலீஸ் வெரிபிகேஷனில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று வந்தால் போதும், ஆபர் லெட்டர் ரத்து. பதினெட்டு வயதுக்குள் நடந்த வழக்கு என்றால், இளைஞர் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவின்படி அதனால் பொதுவாக எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது. இதை எச்.ஆர். மேனேஜர்களுக்குப் புரியவைப்பதில்தான் என் மதியப் பொழுதுகள் போகின்றன. பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. “எனக்குத் தெரியுது மேடம், நாளைக்கு ஏதாவது ஆனா என்னைக் கேப்பாங்க” என்பார்கள். அவர்களுக்கும் பயம்தான்.

சமீபத்தில் மணலிப் பக்கத்து ஒரு கம்பெனி இப்படி மூன்று பேரை நிறுத்திவைத்தது. எங்களுக்கு உதவும் வழக்கறிஞர் ஒருவர், 129 என்றால் என்ன, எது தண்டனை, எது இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். எச்.ஆர். அதைத் தன் மேலிடத்துக்கு அனுப்பி, பல நாள் கழித்து இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாமவன் காத்திருக்க முடியாமல் கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். அவனுக்கு வேறொரு கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அந்தக் கடிதத்தை பயோடேட்டாவோடு சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். அட்ரஸும் வியாசர்பாடி என்றேதான் போட்டிருக்கிறது.